புலி இல்லாமல் போன காட்டுக்குப் புலியைத் திரும்பக் கொண்டுவருவது: எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் முதல் நாளே கேட்பது, "புலியை எங்கிருந்துங்க கொண்டுவரப் போறோம்?" என்பதுதான். இந்த வழிகாட்டியில் அதற்கு எட்டாவது படியில்தான் பதில் வருகிறது. முதல் ஏழு படிகளில் மானும் மாடும் கம்பியும் மனிதர்களும்தான் இருக்கிறார்கள்.

கொங்குநாட்டின் கிழக்கு ஓரத்து மலைக்காடு ஒன்றில், புலியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வை இரண்டு ஆண்டு செய்தேன். அதற்கு முன்னால், மத்தியப் பிரதேசத்தில் விடப்பட்ட புலிகளைப் பின்தொடரும் குழுவோடு இரண்டு பருவம் நடந்தேன். கூட வந்த இளைஞர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தார்களோ அந்த இடங்களில் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை ஆட்கள். அந்தக் காட்டிலேயே பத்துப் பதினைந்து வருடம் நடந்த வேட்டைத் தடுப்புக் காவலர்கள், காட்டோடு பிறந்து வளர்ந்த சோளகர், ஊராளி மக்களில் சிலர், பெரிய விலங்குக்கு மயக்க ஊசி போட்டுப் பழகிய கால்நடை மருத்துவர், கணக்கு பார்க்கத் தெரிந்த களப்பணியாளர் ஒருவர். இதில் யாராவது ஒருவர் இல்லையென்றால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

காலம்: புலி வருவதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டு, வந்த பிறகு மூன்று ஆண்டு. பணத்தில் பாதியைப் புலி வந்த பிறகு நடக்கும் வேலைக்கு என்று முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பிடித்துக் கொண்டுவந்து விடும் நாள் வரைக்கும் எல்லாரும் பணம் கொடுப்பார்கள், மூன்றாவது மழைக்காலத்தில் ஜீப்புக்கு டீசல் போட ஆள் இருக்காது.

நம் பக்கத்துப் பருவத்தையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மாசியிலிருந்து சித்திரை வரை காட்டுத்தீ பயம். மார்கழியும் தையும்தான் களவேலைக்கும் புலியை விடுவதற்கும் வாட்டமான மாதங்கள்.

2. நிஜமாகவே இல்லையா, தானாக வந்துவிடாதா

இது இரண்டு கேள்வி. முதல் கேள்விக்குக் கேமராவால் பதில் தேட வேண்டும். இரண்டு சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஜோடி கேமரா, முழங்கால் உயரத்தில், பாதையின் இரண்டு பக்கமும், குறைந்தது 25 நாள். ஜோடியாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. புலியின் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் ஒன்றுபோல் இருக்காது, ஒரு பக்கம் மட்டும் படம் கிடைத்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடுவீர்கள்.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா காட்டுக்கு 2009 மார்ச்சில் அதே மாநிலத்துப் புலிக்காடுகளான பாந்தவ்கரிலிருந்தும் கன்ஹாவிலிருந்தும் இரண்டு பெண் புலிகளைக் கொண்டுவந்தபோது அங்கே ஆண் புலி ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. பெஞ்ச் காட்டிலிருந்து ஆண் வந்து சேர நவம்பர் ஆகிவிட்டது. என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எண்ணிக்கையாகக் கையில் இருந்தால்தான் எத்தனை புலி, எந்த வரிசையில் வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க முடியும்.

ஊரில் விசாரிக்கும்போது படத்தைக் காட்டிக் கேளுங்கள். நம் பக்கம் பெரியவர்கள் நிறையப் பேர் சிறுத்தையையும் புலி என்றே சொல்வார்கள். போதாததற்கு, ஆப்பிரிக்காவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு வந்த சிவிங்கிப்புலியையும் செய்திகளில் சிறுத்தை என்றே எழுதிவிட்டார்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி, படம் இல்லாமல் பேச்சை மட்டும் நம்பி, பதினோரு ஊரில் புலி இருப்பதாக எழுதிக்கொண்டு வந்தார். படத்தை எடுத்துக்கொண்டு திரும்பப் போனதும் பதினொன்றும் சிறுத்தையாகிவிட்டது.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. சத்தியமங்கலத்தைப் பாருங்கள். 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள், 2022-ல் புலி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்காக டி எக்ஸ் 2 விருது கிடைத்தது. அங்கே கூண்டில் வைத்து ஒரு புலியைக்கூட யாரும் கொண்டுவரவில்லை. முதுமலை, பந்திப்பூர், பிலிகிரி ரங்கன் மலை என்று சுற்றிலும் காடு ஒட்டியிருந்தது. காவல் பலமானது, இரை பெருகியது, புலி நடந்து வந்து தங்கியது. உங்கள் காட்டுக்கும் புலி குட்டி போடுகிற ஒரு காட்டுக்கும் நடுவில் நடந்து வரக்கூடிய காட்டுத்தொடர் இருந்தால் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு அந்த வழியைக் காப்பாற்றுகிற வேலையைப் பாருங்கள். நடந்து வந்த புலிக்கு வழி தெரியும், மயக்கி இறக்கிய புலிக்கு எதுவும் தெரியாது.

நடுவில் நெடுஞ்சாலை, கால்வாய், வரிசையாகத் தோட்டங்கள் என்று தொடர் அறுந்து, வர வழியே இல்லை என்றால் மட்டும் மூன்றாவது படிக்குப் போங்கள்.

3. எது கொன்றது, இப்போது எது கொல்லும்

இதையும் இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் புலிகளைத் தீர்த்தது கள்ள வேட்டை. 2005-க்குள் ஒன்றுகூட இல்லை. 2008 ஜூனில் ரந்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் முதல் ஆண் புலியைக் கொண்டுவந்தார்கள். 2010 நவம்பரில் அது விஷம் வைக்கப்பட்டுச் செத்தது. பழைய எமன் வேறு, புது எமன் வேறு. வேட்டைக்காரனுக்குக் காவல் போட்டால் போதும் என்று நினைத்தால் மாடு பறிகொடுத்தவரின் கோபம் கணக்கில் வராமல் போய்விடும்.

ஒரு தாளில் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் அன்று கொன்றவை, வலப்பக்கம் இன்று கொல்லக்கூடியவை. நாங்கள் போட்ட தாளில் இடப்பக்கம் துப்பாக்கியும் இரைப் பஞ்சமும் இருந்தன. வலப்பக்கத்தில் சுருக்குக் கம்பி, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி), கள்ள மின்வேலி, செத்த மாட்டின் மேல் தூவும் பூச்சிமருந்து, இரவு லாரி. வலப்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எத்தனை மாதத்தில் தீரும் என்று எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் சாலையில் 2022 பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துத் தடையை அமல்படுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது தாளவாடிப் பக்கம் எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். காய்கறி ஏற்றிப் போகிறவருக்கு அது பிழைப்பு. புலி வந்த பிறகு சாலையை மூடினால் புலிதான் எதிரி என்றாகிவிடும். மூட வேண்டியிருந்தால் ஊரோடு பேசி, நேரம் முடிவு செய்து, புலி வருவதற்கு முன்பே மூடுங்கள்.

4. கம்பி பொறுக்குவது

தனிப் படியாக வைத்திருக்கிறேன், காரணம் உண்டு. ஒடிசாவின் சத்கோசியாவுக்கு 2018 ஜூனில் கன்ஹாவிலிருந்து வந்த ஆண் புலி நவம்பரில் கழுத்துக் காயத்தோடு செத்துக் கிடந்தது, சுருக்கில் சிக்கிய காயம். அந்தச் சுருக்கைப் புலிக்கென்று யாரும் வைத்திருக்க வேண்டியதில்லை. பன்றிக்கும் மானுக்கும் வைக்கிற பைக் கிளட்ச் வயர் புலியின் கழுத்தையும் இறுக்கும்.

வயலும் காடும் சேருகிற ஓரத்தில் பத்துப் பேர் கைக்கெட்டும் இடைவெளியில் வரிசையாக நின்று, மெதுவாக, தரையையும் முழங்கால் உயரத்தையும் பார்த்துக்கொண்டு நடங்கள். புதியவர்கள் தூரத்தைப் பார்த்து நடப்பார்கள், கம்பி காலடியில் இருக்கும். பன்றித் தடம், தண்ணீருக்கு இறங்கும் வழி, வேலியில் இருக்கும் சந்து, இந்த மூன்றும் தவறவே கூடாது.

எடுத்த கம்பியை எண்ணி, இடம் குறித்து, மாதாமாதம் அதே இடத்துக்குத் திரும்ப வாருங்கள். ஒரு தடவை சுத்தம் செய்துவிட்டுப் படம் எடுத்துப் போடுவதால் எதுவும் மாறாது. தொடர்ந்து ஆறு மாதம் புதுக் கம்பி விழாமல் இருந்தால்தான் அந்த ஓரம் தயார் என்று நான் எழுதுவேன். பன்றி பயிரை அழிக்கிற ஊரில் கம்பி நிற்கவே நிற்காது, அங்கே பன்றிக்கு வேலி போட்டுக் கொடுப்பதும் உங்கள் வேலைதான்.

5. இரையை எண்ணுவது

சாத்தியக்கூறு அறிக்கைகளில் பாதி இங்கேதான் பொய்யாகிறது. கணக்கு எளிது. ஒரு புலி ஆண்டுக்கு ஏறக்குறைய ஐம்பது குளம்பு விலங்குகளை அடிக்கும், வாரத்துக்கு ஒன்று. இருக்கிற இரையில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் போனால் மந்தை தேயும். ஆக ஒரு புலிக்கு ஐந்நூறு உருப்படி. மூன்று புலி விட ஆயிரத்து ஐந்நூறு போதும் என்று நின்றுவிடாதீர்கள், அவை குட்டி போட வேண்டும் என்றுதானே கொண்டுவருகிறோம். நீண்ட காலம் நிலைக்க இருபது பெண் புலிகள் வேண்டும், அதற்கு 800 முதல் 1,000 சதுர கிலோமீட்டர் இடைஞ்சல் இல்லாத காடு வேண்டும் என்பதுதான் நம் நாட்டில் பின்பற்றும் அளவு. உங்கள் காடு அதைவிடச் சின்னதாக இருந்தால் பக்கத்துக் காட்டோடு அதைச் சேர்க்கும் திட்டம் அறிக்கையிலேயே இருக்க வேண்டும்.

எண்ணும் முறை நேர்கோட்டு நடை. இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர் நேர்கோடுகள் வெட்டி, விடியற்காலையில் இரண்டு பேர் சத்தமில்லாமல் நடந்து, பார்த்த கூட்டத்தின் தூரம், கோணம், எண்ணிக்கை மூன்றையும் எழுத வேண்டும். இதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த தவறுகள் சில உண்டு.

கோட்டை ஜீப் பாதையிலேயே போட்டுவிடுவது. பாதையோரத்தில் வெயிலும் புல்லும் அதிகம், மான் அங்கேதான் நிற்கும், காடு முழுக்க அப்படி நிற்கிறது என்று கணக்கு ஊதிவிடும்.

மான் ஓடி நின்ற இடத்துக்குத் தூரம் அளப்பது. முதலில் பார்த்தபோது எங்கே நின்றதோ அந்த மரத்துக்கு அளக்க வேண்டும். ஓடிய பிறகு அளந்தால் எல்லாம் தூரத்தில் இருப்பதாகி அடர்த்தி குறைந்துபோகும்.

அப்புறம், மாட்டை எண்ணாமல் விடுவது. இது எனக்கு மிகவும் வருத்தமான தவறு. பர்கூர் மலையில் காட்டுக்குள் பட்டி போட்டு மாடு வளர்ப்பது அந்த மக்களின் வாழ்க்கை, அந்தச் செம்மாடு காட்டிலேயே உருவான இனம். அதே கோட்டில் மாடு தென்பட்டால் அதையும் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். மாடு எவ்வளவு புல் தின்கிறது, புலி வந்தால் எத்தனை மாடு போகும் என்று இரண்டு கணக்கும் அதிலிருந்துதான் வரும். மாட்டைக் காணாததுபோல் எழுதிய அறிக்கை முதல் மாடு அடிபட்ட அன்றே செத்துவிடும்.

இரை போதவில்லை என்றால் பெருக்க வேண்டும், குறுக்கு வழி கிடையாது. நம் காடுகளில் புல் இருக்க வேண்டிய இடத்தில் உண்ணிச்செடி (லண்டானா) நிற்கிறது, மாயாற்றுப் பள்ளத்தாக்கு மாதிரியான இடங்களில் சீமைக்கருவேலம். உண்ணிச்செடியை அரிவாளால் மேலே வெட்டினால் அடுத்த மழைக்கு இரட்டிப்பாகத் தழைக்கும். வேரின் கழுத்துக்கு மூன்று விரற்கடை கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும், மண் தொட்டால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஒரே வருடத்தில் மலை முழுக்க வெட்டாதீர்கள், தண்ணீர் இருக்கும் இடத்தைச் சுற்றி முதலில் வெட்டி, புல் வந்த பிறகு அடுத்த வட்டம்.

புள்ளிமான் குறைவாக இருந்தால் வேறு காட்டிலிருந்து கொண்டுவரலாம், குனோவுக்கு அப்படிக் கொண்டுபோனார்கள். புனல் மாதிரி நீண்ட அடைப்புக்குள் தானாக நடக்கவிட்டு லாரியில் ஏற்றுகிற முறை அது. கடமான் பொறுமையாக அதுவாகப் பெருகினால்தான் உண்டு.

6. ஊரோடு பேசுவது

மண்டபத்தில் நாற்காலி போட்டு, திரையில் படம் காட்டி ஆரம்பிக்காதீர்கள். பட்டிக்குப் போங்கள், சாயங்காலம் மாடு திரும்பும் நேரத்துக்கு. நான் போன முதல் பட்டியில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏனுங் தம்பி, புலி வந்தா காடு நல்லாருக்கும்னு சொல்றீங்க, சரி. எம்மாடு போச்சுன்னா எத்தன நாள்ல காசு தருவீங்க?" அதற்கு முன்னால் அவர் பசு ஒன்றைச் சிறுத்தை அடித்திருந்தது. மனு கொடுத்த அலுவலகத்துக்குப் பதினோரு மாதம் நடந்திருக்கிறார். அவருக்குப் புலி மேல் கோபமே இல்லை, அந்தப் பதினோரு மாதத்தின் மேல்தான்.

அதனால் இழப்பீட்டுக்கான பணம் புலி வருவதற்கு முன்பே தனிக் கணக்கில் இருக்க வேண்டும், மாடு அடிபட்ட இடத்துக்கு அன்றே ஆள் போக வேண்டும், இரண்டு நாளில் பணம் கையில் போக வேண்டும். சிறுத்தை, செந்நாய் அடித்த மாட்டுக்கும் இதே வேகத்தில் ஒரு வருடம் கொடுத்துக் காட்டுங்கள். அந்த ஒரு வருடம்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு.

இடம்பெயர்வு என்ற பேச்சு வந்தால் இன்னும் கவனம். 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமைகள் முடிவாகாமல், கிராம சபை சம்மதம் இல்லாமல் யாரையும் நகர்த்த முடியாது, நகர்த்தவும் கூடாது. விருப்பப்பட்டு வெளியேறும் குடும்பத்துக்கான தொகையை 2021-ல் பதினைந்து லட்சமாக உயர்த்தினார்கள். தொகையைச் சொல்லி ஆசை காட்டாமல், அவர்களாகக் கேட்கும்போது மட்டும் விவரம் சொல்லுங்கள்.

சொல்லவே கூடாத வாக்குறுதி ஒன்று உண்டு: "புலி ஊருக்குள் வராது." வரும். வந்தால் யாருக்குப் போன் செய்வது, எவ்வளவு நேரத்தில் ஆள் வருவார்கள் என்பதைச் சொல்லுங்கள். சத்கோசியாவில் ஆணுக்குப் பின் வந்த பெண் புலி மேல் மனிதர்களைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு எழுந்து, ஊர்கள் கொதித்து, அதைத் திரும்பப் பிடித்து அடைத்து, 2021-ல் மத்தியப் பிரதேசத்துக்கே அனுப்பினார்கள்.

7. அனுமதிகள்

நீளமாக எழுத ஒன்றுமில்லை, முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11, 12ஆம் பிரிவுகளின்படி மாநில தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியும் மத்திய அரசின் முன் ஒப்புதலும், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதலும். கொடுக்கிற காடு வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கேயும் இதேபோல். ஐந்தாம், ஆறாம் படிகளின் முடிவுகள் கையில் இல்லாமல் விண்ணப்பித்தால் கேள்விகளோடு கோப்பு திரும்பி வந்துவிடும்.

8. எந்தப் புலி

இரண்டரை, மூன்று வயது, தாயை விட்டுப் பிரிந்து தனக்கென்று இடம் தேடும் பருவம். அந்த வயதுப் புலி எப்படியும் எங்காவது போகப் போகிறது, அதனால் கொடுக்கிற காட்டுக்கும் இழப்பு குறைவு. கோரைப்பல் நான்கும் முழுசாக இருக்க வேண்டும். மாடு அடித்துப் பழகியதை, ஊருக்குள் புகுந்து பிடிபட்டதை "இங்கே வந்தால் சரியாகிவிடும்" என்று வாங்காதீர்கள். ஆகாது.

பெண் முதலில், இரண்டோ மூன்றோ. பெண் இடம் பிடித்து நின்ற பிறகு ஆண். பெண் இல்லாத காட்டில் ஆண் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். உறவுமுறையை மரபணுச் சோதனையில் உறுதி செய்துகொள்ளுங்கள். சரிஸ்காவுக்கு முதலில் போனவை நெருங்கிய இரத்த உறவுகள் என்று பிறகுதான் தெரிந்தது. அங்கே முதல் குட்டியைப் பார்க்க 2012 ஆகிவிட்டது.

9. பிடித்துக் கொண்டுவருவது

மருத்துவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை, அதிகாரி சொல்வது இல்லை. விடியற்காலையில் முடியவில்லையென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மயக்கத்தில் இருக்கும் புலிக்கு உடல் சூடு தானாகக் குறையாது, 40 பாகையைத் தாண்டினால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். கண்ணுக்கு மருந்து தடவித் துணி கட்டுங்கள், சுற்றிலும் ஆறு பேருக்கு மேல் வேண்டாம்.

புலி இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோ காலரைக் கழுத்தில் மாட்டும்போது வளரும் ஆணுக்குக் கழுத்து இன்னும் பருக்கும் என்று நினைவில் வையுங்கள். குனோவில் 2023 மழைக்காலத்தில் காலருக்கு அடியில் ஈரம் தங்கி, புண்ணாகி, புழு வைத்து, சிவிங்கிப்புலிகள் இறந்தன. மழைக்காலம் முழுக்கக் கழுத்தைத் தொலைநோக்கியில் பார்த்து எழுதுவது தினசரி வேலையில் ஒன்று.

10. அடைப்பும் திறப்பும்

கொண்டுவந்ததை உடனே காட்டில் விட்டால் பிறந்த ஊர் திசையில் நடக்க ஆரம்பிக்கும். ஒரு ஹெக்டேராவது உள்ள, வெளியே தெரியாதபடி மறைத்த அடைப்பில் சில வாரம் இருக்கட்டும், அந்த மண்ணின் வாசமும் சத்தமும் பழகும். உள்ளே முதலிலேயே சிறுத்தை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், குனோவில் பெரிய அடைப்புக்குள் புகுந்திருந்த சிறுத்தைகளை வெளியேற்றுவதே தனிப் பாடாகிவிட்டது.

தீனி போடும் ஆள் ஒரே வழியில், ஒரே நேரத்தில், கண்ணில் படாமல் போக வேண்டும். மனிதனைப் பார்த்தால் சோறு என்று புலி படித்துவிட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது. கதவைத் திறக்கிற அன்று விழா வேண்டாம். இரவு கயிறை இழுத்துத் திறந்துவிட்டு வந்துவிடுங்கள், அதுவாக வெளியே போகட்டும்.

11. பின்தொடர்வது

இதுதான் உண்மையான வேலை, மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடு. இரவு பகலாக, முறை வைத்து, இரண்டு குழு. புலியைப் பார்ப்பது நோக்கம் இல்லை, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இளைஞர்களால் இதைத்தான் தாங்க முடியாது, ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நெருங்குவார்கள், கிட்டப் போனால் புலி இரையை விட்டுவிட்டு விலகும், விலகியது மாட்டுப்பட்டிப் பக்கம் போகும்.

காலர் புள்ளிகள் ஒரே இடத்தில் ஒன்றிரண்டு நாள் குவிந்தால் அங்கே இரை அடித்திருக்கிறது. புலி நகர்ந்து அரை நாள் கழித்துப் போய், என்ன இரை, ஆணா பெண்ணா, வயது என்ன என்று எழுதுங்கள். மாடாக இருந்தால் உரிமையாளரை நீங்களே தேடிப் போங்கள், அவர் உங்களைத் தேடி வரக் கூடாது.

புலி எல்லையைத் தாண்டிப் போகும், அதற்குத் தயாராக இருங்கள். பன்னாவின் அந்த ஆண் புலி பெஞ்ச் இருக்கும் தெற்குத் திசையிலேயே நடந்தது. ஊர்கள், வயல்கள் வழியாக ஒரு மாதம் விடாமல் கூட நடந்து, டிசம்பர் 25-ல் திரும்பப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பிறகு பெண் புலியின் மூத்திரத்தைக் காட்டில் தெளித்து அதை நிறுத்தப் பார்த்தார்கள், நின்றது. நமக்கென்றால் காவிரியைத் தாண்டினால் கர்நாடகா, அங்கே இருக்கும் சரக அலுவலர்களின் எண்கள் கதவு திறப்பதற்கு முன்பே உங்கள் போனில் இருக்க வேண்டும். துரத்தாதீர்கள், விரட்டாதீர்கள், முன்னால் இருக்கும் ஊருக்குச் சொல்லிக்கொண்டே போங்கள்.

புலி இருக்கும் புள்ளியை வாட்ஸ்அப் குழுவில் போடுவது கூடவே கூடாது. எட்டுப் பேர் குழுவில் போட்ட படம் மாலைக்குள் டவுனில் டீக்கடை வரை போய்விட்டதை நான் பார்த்திருக்கிறேன். தாளில் எழுதி, கையில் கொடுத்து, இரவே பெட்டியில் பூட்டுங்கள்.

12. பெண் புலி ஒரே இடத்தில் நின்றால்

பத்து நாளுக்கு மேல் ஒரு பாறைச்சரிவையோ ஓடைப் புதரையோ விட்டு அகலாமல், இரைக்குப் போனாலும் அங்கேயே திரும்பி வந்தால், செத்துவிட்டதோ அடிபட்டதோ என்று பதறி உள்ளே போகாதீர்கள். காலரில் அசைவு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். அசைவு இருந்தால் பெரும்பாலும் குட்டிதான். பன்னாவில் 2010 ஏப்ரலில், கொண்டுவந்து ஓர் ஆண்டு கழித்து, இப்படித்தான் முதல் ஈற்று.

அந்த இடத்தைச் சுற்றியுள்ள கேமராக்களை அன்றே கழற்றிவிடுங்கள், பேட்டரி மாற்றப் போகிறவர் வாசம்கூட அங்கே வேண்டாம். பக்கத்துப் பட்டிக்குப் போய், கொஞ்ச நாளைக்கு மாட்டை மறுசரிவில் மேய்க்க முடியுமா என்று கேளுங்கள், அதற்கான தீவனத்தை நீங்கள் கொடுங்கள். இரண்டு மாதம் கழித்து, கீழ் ஓடையில் ஈர மணலில் பெரிய தடத்தோடு சின்னத் தடம் இருக்கிறதா என்று காலையில் போய்ப் பாருங்கள். இருந்தால் அளவெடுத்து, எண்ணி, சத்தம் போடாமல் திரும்பி வந்துவிடுங்கள்.